நம்பரை சேவ் பண்ணாதவர்களுக்குப் போகவே இல்லை

ராயபுரத்தில் ஒரு சின்ன மண்டபத்தில் 2 நாள் கருத்தரங்கு. யாழ்ப்பாணம், சிங்கப்பூரிலிருந்து ஜூமில் சேருபவர்கள் 18 பேர். அறிவிப்பு அனுப்பும் வேலை என் தலையில். வாட்ஸ்அப்பில் பிராட்காஸ்ட் லிஸ்ட் (ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்பும் வசதி) போட்டு எல்லோரையும் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

முதல் நாள் நல்ல மழை. தொடக்கத்தை 1 மணி நேரம் தள்ளி, செய்தியும் அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து ஒரு அம்மா போன்: "தம்பி, நான் மட்டும்தான் உட்கார்ந்திருக்கேன், யாரையும் காணோமே?"

செய்தியை அழுத்திப் பிடித்து விவரத்தைப் பார்த்தேன். வெளியூர்க்காரர்கள் பெரும்பாலோருக்குப் போய்ச் சேரவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது: பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் போகும். உள்ளூர்க்காரர்களிடம் என் எண் இருந்தது; வெளியூர்க்காரர்களுக்கோ நான் யாரோ!

டீ ஆறுவதற்குள் ஒரு குரூப் தொடங்கி, அட்மின் மட்டும் எழுதும்படி மாற்றினேன். சேரும் லிங்க்கை, பதிவின்போது கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு பிசிசியில் (ஒருவர் முகவரி மற்றவருக்குத் தெரியாதபடி) அனுப்பினேன். குரூப்பில் எண் எல்லோருக்கும் தெரியுமே என்று தயங்கிய இருவருக்கு மின்னஞ்சல் மட்டும். சரி, அது நியாயம்தான்.

மறுநாள் அறிவிப்பில் இரண்டு நேரமும் போட்டேன்: இங்கே காலை 10, சிங்கப்பூரில் பகல் 12.30. அந்த அம்மாதான் முதல் ஆளாக வந்தார்.