தோட்டத்துக்கு மண்ணுக்கடியில் கரன்ட் கொண்டுபோவது எப்படி?

வீட்டுப் பின்பக்கத் தோட்டத்தில் முதல் தடவை பிளக் பாயிண்ட் வைத்தபோது, சாதாரண வயரைப் பிவிசி பைப்புக்குள் விட்டு அரையடி ஆழத்தில் மூடிவிட்டேன். வாழைக்கன்று நட ஒருநாள் குழி வெட்டினேன். மண்வெட்டி பைப்போடு வயரையும் துண்டாக்கிவிட்டது. நல்லவேளை, அந்த நேரம் கரன்ட் கட். இரண்டாவது தடவை செய்த முறைதான் இது. குழி வெட்டுவது, மணல் போடுவது, மூடுவது நம் வேலை. இரண்டு முனையிலும் இணைப்புக் கொடுப்பது லைசென்ஸ் உள்ள வயர்மேன் வேலை; அதில் கை வைக்காதீர்கள்.

முதலில் டிபி பாக்ஸிலிருந்து (வீட்டு லைன்கள் பிரியும் சுவிட்ச் பெட்டி) பாயிண்ட் வரைக்கும் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். செப்டிக் டேங்க், தண்ணீர்க் குழாய், தென்னை மரம் இவற்றை விட்டு விலகிப் போகட்டும். நீளத்தை அளந்து, இரண்டு முனைக்கும் சேர்த்து மூன்று மீட்டர் கூடுதலாகக் கேபிள் வாங்குங்கள். கடையில் ‘3 கோர் 2.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் ஆர்மர்டு’ என்று கேட்க வேண்டும்; கோர் என்றால் உள்ளே ஓடும் தனித்தனி வயர். மேலே சுற்றியிருக்கும் இரும்புக் கவசம் எலி, பெருச்சாளிப் பல்லுக்குத் தாங்கும். 16 ஆம்பியர் பாயிண்டுக்கு 30 மீட்டர் வரை இது போதும். அதற்கு மேல் போனால் 4 ஸ்கொயர் எம்எம்.

அப்புறம் குழி. இந்தியத் தரநிலை சொல்லும் ஆழம் 75 செ.மீ., அதாவது இரண்டரை அடி. முதுகு கேட்கும், ஆனால் இதில் கஞ்சத்தனம் வேண்டாம். அடியில் மூன்று அங்குலம் சலித்த மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மூன்று அங்குலம் மணல், அதன்மேல் குறுக்காகச் செங்கல் வரிசை. பின்னால் யாராவது தோண்டினால் மண்வெட்டி முதலில் செங்கல்லில்தான் படும். திருப்பங்களில் கேபிளை மடக்காமல், ஒரு சாண் ஆரத்துக்குக் குறையாமல் வளைத்துவிடுங்கள். மண்ணுக்குள் ஜாயிண்ட் கூடவே கூடாது.

மூடும் முன் வயர்மேனை வைத்து மெகர் (வயர் உறையில் கசிவு இருக்கிறதா என்று அளக்கும் கருவி) போட்டுப் பாருங்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் மூடாதீர்கள். கேபிள் போகும் இடத்தை டேப் வைத்து அளந்து போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் பாதி தள்ளியதும் எச்சரிக்கை டேப் விரித்து, மீதியை மூடலாம்.

பாயிண்ட் பெட்டி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில், ஐபி65 தரத்தில் (தூசியும் தண்ணீரும் புகாதது) இருக்கட்டும். கேபிள் கீழ்ப்பக்கமாக, கிளாண்டு (கேபிளை இறுக்கிப் பிடிக்கும் மூடி) வழியாக நுழைய வேண்டும்; மேலே ஓட்டை போட்டால் ஐப்பசி மழை உள்ளே இறங்கிவிடும்.

டிபி பக்கம் 16 ஆம்பியர் எம்சிபி (கரன்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) மட்டும் போதாது. அது கேபிளைத்தான் காப்பாற்றும். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற ஆளைக் காப்பாற்றுவது 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அதாவது கரன்ட் கசிந்தால் லைனைத் துண்டிக்கும் சுவிட்ச். தோட்ட லைனின் நியூட்ரலை வீட்டு நியூட்ரலோடு சேர்த்துவிட்டால் அது சும்மா சும்மா டிரிப் ஆகும். மூன்றாவது கோரும் கேபிளின் கவசமும் எர்த்தில் சேர வேண்டும்.

இணைப்புக் கொடுக்கும் அன்று மெயினை மட்டும் அணைத்தால் போதாது. இன்வெர்ட்டர் இருக்கும் வீடுகளில் பலர் மறப்பது அதைத்தான்; அதையும் அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே வயரைத் தொட வேண்டும். எல்லாம் முடிந்து கரன்ட் விட்டதும் ஆர்சிசிபியில் இருக்கும் ‘டி’ பட்டனை அழுத்துங்கள். டக்கென்று விழாவிட்டால் அன்றைக்கு மோட்டாரைச் சொருக வேண்டாம்.