கறுப்புச் சீருடையும் வாக்கி டாக்கியும்: தாய்லாந்து சுற்றுலாப் போலீஸில் வெளிநாட்டுத் தன்னார்வலர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தாயாவின் வாக்கிங் ஸ்ட்ரீட்டிலோ புக்கெட் தீவின் பாங்லா ரோட்டிலோ இரவில் நடந்தால், தாய்லாந்து போலீஸ்காரர்களுக்குப் பக்கத்தில் கறுப்புச் சீருடையில் சில வெளிநாட்டு முகங்களைப் பார்க்கலாம். இடுப்பில் பெல்ட், தோளில் வாக்கி டாக்கி. பார்க்கிற பயணி இவர்களையும் போலீஸ் என்றே நினைப்பான். உண்மையில் இவர்கள் அந்த ஊரில் குடியிருக்கும் வெளிநாட்டவர்கள். ஓய்வு பெற்று வந்தவர்களும், தாய்லாந்துக் குடும்பத்தில் மணம் முடித்தவர்களும், அங்கேயே தொழில் செய்பவர்களும் இருப்பார்கள். சம்பளம் கிடையாது. மொழி தெரியாத பயணிக்கும் ஆங்கிலம் தடுமாறும் போலீஸுக்கும் நடுவில் வாயாக இருப்பதுதான் இவர்கள் வேலை.

வாயாக இருக்க வந்தவர் கையாக மாறும்போதுதான் பெரும்பாலான சிக்கல் தொடங்குகிறது.

கைது செய்யப் போவது

தாய்லாந்தின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 79ஆம் பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. சாதாரண ஆள் இன்னொருவரைப் பிடிக்க இரண்டே வழி. கைது உத்தரவை நிறைவேற்றும் அதிகாரி உதவிக்கு அழைத்திருக்க வேண்டும். அல்லது அந்தச் சட்டத்தின் பின்னிணைப்பில் உள்ள குற்றங்களில் ஒன்று கண்ணெதிரே நடக்க வேண்டும். திருட்டு, கொள்ளை, அடித்துக் காயப்படுத்துவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. குடித்துவிட்டு நடுத்தெருவில் சட்டையைக் கழற்றி அலம்பல் செய்வது இல்லை. அது தண்டனைச் சட்டம் 378ஆம் பிரிவின்படி அபராதத்தோடு முடிகிற சிறு குற்றம். அதற்காக ஒருவன் கையை முறுக்கித் தரையில் சாய்த்தால், அவன் தோள் இறங்கியதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

சண்டை மூண்டால் உள்ளே பாய வேண்டாம். பாரில் ஒரு ஊழியர் மேல் கை விழுந்தால் மற்ற ஊழியர்கள் எல்லாரும் ஒன்றாக இறங்குவார்கள், பாட்டில் பறக்கும். அந்த நேரத்தில் உங்கள் கருவி ரேடியோ. தெரு எண், பாரின் பெயர், எத்தனை பேர், ஆயுதம் உண்டா, ரத்தம் உண்டா என இந்த ஐந்தையும் இதே வரிசையில் சொல்லுங்கள். "இங்கே சண்டை, சீக்கிரம் வாங்க" என்பது யாருக்கும் உதவாது. நூறு பார் இருக்கும் தெருவில் "இங்கே" என்றால் எங்கே? போலீஸ் வந்து பிரித்த பிறகு இரு தரப்பையும் ஒருவர் பேச்சு மற்றவர் காதில் விழாத தூரத்துக்குத் தள்ளி நிறுத்துவது நீங்கள் செய்யக்கூடியது. எதிரில் மார்புக்கு மார்பு நிற்காமல் சற்றுச் சாய்வாக, கை எட்டாத தொலைவில் நில்லுங்கள். தாய்லாந்துக்காரரிடம் பேசும்போது குரலை உயர்த்தாதீர்கள், விரலை நீட்டாதீர்கள். அங்கே கத்துகிறவர் தோற்றவர். "ஜய் யென், ஜய் யென்" என்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் "மனம் குளிரட்டும்". அதை மெதுவாக இரண்டு முறை சொன்னால் பாதி கூட்டம் கலைந்துவிடும்.

"சம்பளம்தான் இல்லையே, பர்மிட் எதற்கு?"

தாய்லாந்தில் வேலை என்பதைச் சம்பளத்தை வைத்து மட்டும் அளப்பதில்லை. அனுமதியில்லாமல் வேலை செய்யும் வெளிநாட்டவருக்கு 5,000 முதல் 50,000 பாத் வரை அபராதம், அதோடு நாடு கடத்தல். ஆகவே சுற்றுலா விசாவில் வந்து ஆர்வத்தில் சீருடை மாட்டிக்கொள்வது கூடவே கூடாது. உங்கள் விசா வகைக்கும் இந்தப் பணிக்கும் ஒத்துப்போகிறதா என்று உங்களைச் சேர்க்கும் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். "எல்லாரும் இப்படித்தான் செய்கிறோம்" என்று ஏற்கெனவே அங்கே இருப்பவர் சொல்வது அனுமதி ஆகாது. விசா தேதியையும் பாருங்கள். மற்றவர்களுக்கு உபதேசம் செய்யும் தன்னார்வலரே காலாவதியான விசாவோடு நாளொன்றுக்கு 500 பாத் அபராதம் ஏறிக்கொண்டு நிற்பது கேவலமான காட்சி.

சீருடை பணி நேரத்துக்கு மட்டும். பணி முடிந்து அதே உடையில் பாரில் உட்கார்ந்தால், உரிமையில்லாமல் அதிகாரியின் சீருடை அணிந்ததாகவே கேள்வி வரலாம். தண்டனைச் சட்டம் 146ஆம் பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறை உண்டு. சொந்தமாக பார் நடத்துபவர் தன் தெருவிலேயே ரோந்து போவதும் வேண்டாம். பக்கத்துக் கடை மேல் புகார் வந்தால் அவர் மொழிபெயர்ப்பை யார் நம்புவது?

மொழிபெயர்க்கும்போது சேர்ப்பதும் குறைப்பதும்

இங்கேதான் நல்ல மனசுக்காரர்கள் அதிகம் தவறு செய்கிறார்கள்.

முதலில், புகார் யாரிடம் போக வேண்டும்? சுற்றுலாப் போலீஸ் உதவி செய்யும், கூட வரும், சமாதானம் பேசும். ஆனால் வழக்கைப் பதிவு செய்பவர் அந்தப் பகுதி காவல் நிலையத்தில் அன்று முறையில் இருக்கும் விசாரணை அதிகாரி. பேச்சு வழக்கில் அவரை "ரோய் வேன்" என்பார்கள். பயணியை சுற்றுலாப் போலீஸ் பூத்தில் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பேசிவிட்டு "புகார் கொடுத்தாச்சு" என்று அனுப்பிவிடுவது வழக்கமான தவறு. எதுவும் பதிவாகியிருக்காது.

அடுத்தது இன்னும் நுணுக்கம். நிலையத்தின் தினசரிக் குறிப்பேட்டில் "நடந்ததற்குச் சான்றாக" ஒரு பதிவு போட்டுத் தருவது வேறு. குற்றவாளியைத் தண்டிக்க வேண்டும் என்று முறைப்படி புகார் செய்வது வேறு. இரண்டாவதற்கு "ரோங் துக்" என்று பெயர். அந்தத் துக் வேறொன்றுமில்லை, நம்முடைய துக்கம்தான், துக்கத்தை முறையிடுவது. பயணி கையில் வாங்கிப்போகும் ஒரு பக்கத் தாள் பெரும்பாலும் முதல் வகை. இன்சூரன்ஸுக்கும் தொலைந்த பாஸ்போர்ட்டுக்கும் அது போதும், வழக்குக்குப் போதாது. மோசடி போன்ற சமரசத்துக்கு இடமுள்ள குற்றங்களில், குற்றமும் செய்தவரும் தெரிந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் முறைப்படி புகார் செய்யாவிட்டால் வழக்கே காலாவதி. எனவே பயணியிடம் நேரடியாகக் கேளுங்கள்: "தாள் மட்டும் வேண்டுமா, வழக்கு வேண்டுமா?" அவர் பதிலை அப்படியே அதிகாரியிடம் சொல்லுங்கள்.

மூன்றாவது, சொல். ஒரு பயணி தன் பர்ஸைப் பற்றி ஆங்கிலத்தில் புலம்புகிறார். நீங்கள் தாய்லாந்து மொழியில் "கிரபாவ் ஹாய்" என்கிறீர்கள். "பை காணோம்" என்று பொருள். அதிகாரி அப்படியே எழுதுகிறார். மூன்று வாரம் கழித்து இன்சூரன்ஸ் நிறுவனம், "காணாமல் போனதற்குப் பாலிசியில் இடமில்லை, திருட்டுக்குத்தான்" என்று கையை விரிக்கும். மறுபக்கம், அவர் "காணோம்" என்றதை நீங்கள் "கமோய்", அதாவது திருட்டு, என்று சொல்லிவிட்டால், பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் மேல் ஆதாரமில்லாத பழி விழுகிறது. அந்தப் பெண் அவதூறு என்று திருப்பிப் புகார் கொடுக்கலாம், கொடுப்பார்கள். நடக்காத குற்றத்தை நடந்ததாக விசாரணை அதிகாரியிடம் சொல்வது 173ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரியது. இன்சூரன்ஸ் பணத்துக்காகப் போன் திருடு போனதாகக் கதை கட்டும் பயணிகள் எல்லா சீசனிலும் வருவார்கள். அவர்களுக்கு இந்தப் பிரிவைச் சொல்லிவிட்டு, மறுபடி ஒருமுறை என்ன நடந்தது என்று கேட்டால் போதும்.

நடைமுறைச் சட்டம் 13ஆம் பிரிவின்படி மொழிபெயர்ப்பாளர் எதையும் கூட்டவும் குறைக்கவும் மாட்டேன் என்று உறுதி எடுக்க வேண்டும்; மொழிபெயர்ப்பில் கையெழுத்தும் போட வேண்டும். தெருவில் பேசும் பேச்சுக்கும் இதையே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பயணி கெட்ட வார்த்தை சொன்னால், "திட்டுகிறார்" என்று அதிகாரிக்குச் சொல்லுங்கள். வார்த்தையை அலங்கரித்துத் தர வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். தன் வாக்குமூலம் தாய்லாந்து மொழியில் எழுதப்படுவதால், படித்துக் காட்டும்வரை கையெழுத்திட வேண்டாம் என்று பயணிக்குச் சொல்லும் கடமையும் உங்களுடையது. கேள்வி புரியும் அளவுக்கு மேல் உங்கள் தாய்லாந்து மொழி போகவில்லை என்றால் அதை அங்கேயே ஒப்புக்கொள்ளுங்கள். சாப்பாடு ஆர்டர் செய்யும் அளவு மொழியை வைத்துக்கொண்டு வாக்குமூலம் மொழிபெயர்ப்பது ஆளை ஜெயிலில் தள்ளும் வேலை.

பில் சண்டையும் பணமும்

பார்களில் வாடிக்கையாளர் முன்னால் ஒரு சிறு குவளை இருக்கும். ஒவ்வொரு பானத்துக்கும் ஒரு சீட்டு அதில் சேரும். சண்டை வந்தால் யார் நியாயம் என்று முதலில் பேசாதீர்கள். குவளையைக் கொட்டி, சீட்டுகளை மேசையில் பரப்பி, விலைப்பட்டியலோடு ஒப்பிட்டு, எல்லார் கண் முன்னாலும் கூட்டுங்கள். பாதி வழக்கு அங்கேயே முடியும்: கூட இருந்த பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்த பானங்கள் வேறு விலை என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அல்லது பாரில் தொங்கும் மணியை விளையாட்டாக அடித்திருப்பார். மணி அடித்தால் உள்ளே இருக்கும் எல்லாருக்கும் அவர் செலவில் ஒரு சுற்று என்று பொருள்.

பாங்காக் பாட்போங்கில் மாடி பார்களின் கதை வேறு. கீழே 100 பாத் என்று அட்டை காட்டி ஏற்றி, மேலே ஆயிரக்கணக்கில் பில் நீட்டி, கதவை அடைத்து நிற்பார்கள். அங்கே மாட்டியவர் போனில் அழைத்தால், வாக்குவாதம் வேண்டாம், ரசீது கேட்டுப் பணத்தைக் கட்டிவிட்டு வெளியே வரச் சொல்லுங்கள். வெளியே வந்ததும் 1155க்கு அழைத்து சுற்றுலாப் போலீஸோடு திரும்பலாம்.

எந்த நிலையிலும் பணம் உங்கள் கைக்கு வரக்கூடாது. சமாதானத் தொகையை "நான் கொடுத்துவிடுகிறேன்" என்று வாங்கிச் சட்டைப்பையில் வைத்த நிமிடத்திலிருந்து நீங்கள் இடைத்தரகர். தாய்லாந்தில் வேப், அதாவது மின்சிகரெட், இறக்குமதி தடை. அதைக் கையில் வைத்திருந்து மாட்டும் பயணிகள் ஏராளம். தெருவிலேயே ஏதோ கொடுத்து முடித்துவிடலாமா என்று அவர்கள் கேட்டால், அந்தக் கேள்வியை மொழிபெயர்க்காதீர்கள். அபராதம் நிலையத்தில், ரசீதோடு. பாரில் உங்களுக்கு நீட்டப்படும் இலவச பீருக்கும் இதே விதி.

தூங்குகிறான் என்று விட்டுவிடுவது

2023 டிசம்பர் 15 முதல் பாங்காக், புக்கெட், பத்தாயா இருக்கும் சோன்புரி உள்ளிட்ட சில இடங்களில் அனுமதி பெற்ற கேளிக்கை இடங்கள் அதிகாலை 4 மணிவரை திறந்திருக்கின்றன. அதிகம் ஆபத்து கடைசி இரண்டு மணி நேரம். நடைபாதையில் கிடப்பவரைத் தட்டி எழுப்பிப் பாருங்கள். பதில் இல்லையென்றால் மார்பைப் பார்த்து 10 விநாடி மூச்சை எண்ணுங்கள். மூச்சு இருந்தால் பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, 1669க்கு அழையுங்கள். மல்லாக்கப் போட்டால் வாந்தி மூச்சுக்குழலில் இறங்கும். காபி கொடுப்பது, விரல் விட்டு வாந்தி எடுக்க வைப்பது, நண்பர்கள் தோளில் தூக்கி அறைக்கு அனுப்புவது மூன்றும் கூடாது. பைக்கிலிருந்தோ பால்கனியிலிருந்தோ விழுந்தவரின் கழுத்தை அசைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பத்தாயாவில் சவாங் பொரிபூன் அறக்கட்டளையின் மீட்பு ஆட்கள் பலகையோடு வருவார்கள், அவர்கள் தூக்கட்டும். பானத்தில் ஏதோ கலந்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். சில மருந்துகள் அரை நாளுக்குள் சிறுநீரில் தடயமில்லாமல் போய்விடும். பரிசோதனை முதலில், புகார் பிறகு.

போனை எடுப்பது

விலங்கு மாட்டிய பயணியைப் படம் பிடித்து இரவே முகநூலில் போடுகிறவர்கள் உண்டு. தாய்லாந்தில் அவதூறு கிரிமினல் குற்றம். 328ஆம் பிரிவில், பரப்பினால் 2 ஆண்டு வரை சிறை, 2 லட்சம் பாத் வரை அபராதம். "உண்மையைத்தானே போட்டேன்" என்பதும் எப்போதும் காப்பாற்றாது: சொன்னது ஒருவரின் தனிப்பட்ட விஷயம், அதனால் பொதுமக்களுக்குப் பயனில்லை என்றால், உண்மை என்று நிரூபிக்கவே 330ஆம் பிரிவு அனுமதிப்பதில்லை. போலீஸை விமர்சிக்கும் பதிவுக்கும் இதே கத்திதான். அரச குடும்பம் பற்றிய பேச்சு வந்தால், மொழிபெயர்ப்பைக்கூட நிறுத்திவிட்டு அதிகாரியை நேரடியாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். 112ஆம் பிரிவு ஒவ்வொரு செயலுக்கும் 3 முதல் 15 ஆண்டு சிறை.

இந்தியப் பயணிகள் விஷயத்தில்

2023 நவம்பரில் விசா விலக்கு வந்த பிறகு இந்தியர் கூட்டம் பெருகியிருக்கிறது. இந்தி, தமிழ், தெலுங்கு தெரிந்த தன்னார்வலருக்கு வேலை ஓயாது. கடற்கரைச் சாலையில் இந்திய ஆண்களின் தங்கச் சங்கிலி பறிபோவது பத்தாயாவில் திரும்பத் திரும்ப வரும் புகார். கட்டிப்பிடித்துச் சிரித்துவிட்டுப் போகிறவரின் கை கழுத்தில் இருக்கும். புகார் எழுதும்போது "செயின்" என்று முடித்துவிடாதீர்கள். கிராம் எடை, எத்தனை காரட், வடிவம், கழுத்தில் போட்டிருக்கும் பழைய போட்டோ என எல்லாம் கேட்டு வாங்குங்கள். சவரன் கணக்குச் சொன்னால் கிராமுக்கு மாற்றிச் சொல்லுங்கள். சவரன் 8 கிராம், தாய்லாந்து நகைக்கடையின் "பாத்" எடை நகையில் 15.16 கிராம், இரண்டையும் குழப்பினால் மதிப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு மாறிவிடும்.

பாஸ்போர்ட் போனால் வரிசை இது: காவல் நிலையப் பதிவு, பிறகு பாங்காக் சுக்கும்வித் சோய் 23இல் உள்ள இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ், பிறகு குடிநுழைவு அலுவலகத்தில் வந்த தேதியைச் சரிபார்த்துப் பதிவு. இந்தக் கடைசிப் படியை விட்டுவிட்டு நேராக விமான நிலையம் போகிறவர்கள்தான் கவுன்டரில் மாட்டிக்கொண்டு விமானத்தைத் தவறவிடுகிறார்கள்.