கரும்புப் பாலிலிருந்து வெல்லம்: நிறைக் கணக்கும் வெப்பக் கணக்கும் போடுவது எப்படி?

உணவுத் தொழில்நுட்பம் படிக்க வரும் பிள்ளைகள் பலரும் நிறைச் சமன்பாடு, ஆற்றல் சமன்பாடு என்றதும் சூத்திரத்தைத் தேடுகிறார்கள். மனப்பாடம் செய்ய இதில் ஒன்றும் இல்லை. உள்ளே போனது வெளியே வந்திருக்க வேண்டும், இல்லையென்றால் உள்ளேயே தங்கியிருக்க வேண்டும். ஈரோடு மாவட்டம் கவுந்தப்பாடிப் பக்கத்து ஆலைக்கொட்டகைகளில் இருப்பது போன்ற ஒரு வெல்லக் கொப்பரையை எடுத்துக்கொண்டு முழுக் கணக்கையும் போட்டுவிடுவோம்.

படி 1: எல்லையைக் கட்டுங்கள்

தாளில் ஒரு கட்டம் வரையுங்கள். அதுதான் கொப்பரை. உள்ளே போவது கரும்புப் பால், அதாவது பிழிந்த கரும்புச் சாறு. வெளியே வருவது மூன்று: மேலே பொங்கி வரும்போது வழித்தெடுக்கும் அழுக்கு, நீராவி, வெல்லம். அடுப்பு இப்போதைக்குக் கட்டத்துக்கு வெளியே இருக்கட்டும்.

படி 2: கணக்குக்கு ஓர் அளவு

100 கிலோ பால் என்று வையுங்கள். லிட்டரில் போட வேண்டாம். சூடேறினால் கன அளவு மாறும், நிறை மாறாது. பிரிக்ஸ் மீட்டர் 18 காட்டினால் 100 கிலோ பாலில் 18 கிலோ கரைந்த திடப்பொருள், 82 கிலோ நீர்.

படி 3: திடப்பொருளைப் பின்தொடருங்கள்

கணக்கின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. எவ்வளவு நீர் ஆவியாகப் போனது என்று யாராலும் நிறுத்துப் பார்க்க முடியாது. ஆனால் சர்க்கரை ஆவியாகாது; அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக வந்துவிடும்.

அழுக்கு 3 கிலோ, அதில் 20% திடப்பொருள் என்று கொள்வோம்.

அழுக்கோடு போன திடப்பொருள்: 3 × 0.20 = 0.6 கிலோ
வெல்லத்துக்கு மிஞ்சுவது: 18 − 0.6 = 17.4 கிலோ
வெல்லத்தின் ஈரம் 5% என்றால்: 17.4 ÷ 0.95 = 18.3 கிலோ வெல்லம்
நீராவி: 100 − 3 − 18.3 = 78.7 கிலோ

இப்போது நீரை மட்டும் தனியாகக் கூட்டிச் சரிபாருங்கள். அழுக்கில் 2.4, வெல்லத்தில் 0.9, ஆவியில் 78.7, மொத்தம் 82. உள்ளே போன நீரும் அதே 82தான். இந்தச் சரிபார்ப்பை ஒருநாளும் விட்டுவிடாதீர்கள்.

பிரிக்ஸ் 16 ஆக இருந்தால் இதே கணக்கு 16.2 கிலோ வெல்லத்தைத்தான் தரும், ஆவியாக்க வேண்டிய நீரோ 80.8 கிலோவாக ஏறிவிடும். முற்றாத கரும்பை வெட்டினால் வெல்லமும் குறைகிறது, விறகுச் செலவும் கூடுகிறது.

படி 4: வெப்பம்

பாலை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர (தன்வெப்பம், அதாவது ஒரு கிலோவை ஒரு டிகிரி சூடேற்றத் தேவையான வெப்பம், சுமார் 3.7 கிலோஜூல்): 100 × 3.7 × 70 = 25,900 கிலோஜூல்.
நீரை ஆவியாக்க (கொதிக்கும் நீரில் ஒரு கிலோவுக்கு 2,257 கிலோஜூல்): 78.7 × 2,257 = சுமார் 1,77,600 கிலோஜூல்.

கடைசியில் பாகு 118 டிகிரி வரை ஏறுவதற்குச் சில நூறு கிலோஜூல் போதும். ஆக மொத்தம் சுமார் 2,04,000. இதில் 87% ஆவியாக்கத்துக்கே போகிறது.

படி 5: இப்போது அடுப்பு

மொத்த ஆலையையும் சுற்றி எல்லையைப் பெரிதாக்குங்கள். 60% சாறு பிழிந்தால் 100 கிலோ பாலுக்கு 167 கிலோ கரும்பு வேண்டும். சக்கை 67 கிலோ மிஞ்சும். அதில் பாதி ஈரம். 10% ஈரத்துக்குக் காயவைத்தால் 37 கிலோ. கிலோவுக்கு 15,000 கிலோஜூல் என்று வைத்தால் கையில் உள்ளது 5,55,000.

2,04,000 ÷ 5,55,000 = 37%. எரிகிற வெப்பத்தில் இந்த அளவாவது கொப்பரைக்குப் போய்ச் சேர்ந்தால், சொந்தச் சக்கையே போதும். 25% மட்டுமே சேரும் அடுப்பென்றால் 54 கிலோ சக்கை தேவைப்படும். குறைகிற 17 கிலோவுக்கு ஈடாக விறகோ சோகையோ (காய்ந்த கரும்புத் தோகை) போட வேண்டியதுதான். சக்கையில் மிஞ்சும் ஒவ்வொரு கிலோ ஈரமும் 2,500 கிலோஜூலுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். களத்தில் சக்கையை நன்றாகக் காயவிடுவதுதான் செலவில்லாத முதல் திருத்தம். புகைபோக்கி வழியாக வீணாகும் வெப்பத்தைக் கொண்டு அடுத்த கொப்பரைப் பாலைச் சூடாக்குவது அதற்கு அடுத்தது.

இதே கணக்கை வைத்துக் கலப்படத்தையும் பிடிக்கலாம்

வெல்லத்தில் அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) சேர்க்கிறார்கள் என்ற புகார் அடிக்கடி எழுகிறது. 18 பிரிக்ஸ் பால் 100 கிலோவுக்கு 24 கிலோ வெல்லம் இறங்கியதாக ஒரு பேரேடு சொன்னால், 5% ஈரம் போக அதில் 22.8 கிலோ திடப்பொருள் இருக்கிறது. கரும்பு தந்தது 17.4 கிலோ. மீதி 5.4 கிலோ அஸ்கா மூட்டையிலிருந்து வந்தது.