முதலீட்டு ஆலோசகரின் பதிவெண்ணைச் சரிபார்ப்பது எப்படி?

"சார், நான் ஃபைனான்ஷியல் கன்சல்டன்ட்" என்று ஒருவர் கார்டை நீட்டினால் அதில் முதலில் பதிவெண்ணைத் தேடுங்கள். அச்சாகியிருக்காவிட்டால் வாய்விட்டே கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்பவர் கேட்டதும் சொல்லிவிடுவார்.

எண் எப்படித் தொடங்குகிறது என்று பாருங்கள். ஐஎன்ஏ என்றால் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான செபியில் பதிவுபெற்ற முதலீட்டு ஆலோசகர். ஐஎன்எச் என்றால் பங்குகளைப் பரிந்துரைக்கும் ஆய்வாளர். ஏஆர்என் என்றால் மியூச்சுவல் ஃபண்டு விநியோகஸ்தர். நம்மைத் தேடி வருபவர்களில் பலர் இந்த வகைதான். அது கௌரவமான தொழில்தான். ஆனால் ஆலோசகருக்குக் கட்டணம் தருவது நீங்கள், விநியோகஸ்தருக்குக் கமிஷன் தருவது ஃபண்டு நிறுவனம். கூலி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டு அவர் பேச்சைக் கேட்பது நல்லது. விநியோகஸ்தர்கள் தங்களை 'சுயேச்சையான நிதி ஆலோசகர்' என்று சொல்லிக்கொள்ளக் கூடாது என 2020இல் செபி தடுத்ததும் இதனால்தான்.

அப்புறம் தேடல். ஐஎன்ஏ, ஐஎன்எச் எண்களை செபி இணையதளத்தில் உள்ள இடைநிலையாளர் ('இன்டர்மீடியரீஸ்') பட்டியலிலும், ஏஆர்என் எண்ணை மியூச்சுவல் ஃபண்டு நிறுவனங்களின் சங்கமான ஆம்ஃபியின் தளத்திலும் போட்டுப் பாருங்கள். எண் இருக்கிறது என்றதும் மூடிவிடாதீர்கள். வேறொருவரின் அசல் எண்ணைத் தன் பெயருக்குக் கீழே போட்டுக்கொள்ளும் ஆட்கள் இருக்கிறார்கள். பெயர், முகவரி, மின்னஞ்சல் எல்லாம் கார்டோடு ஒத்துப்போக வேண்டும். ஏஆர்என் என்றால் காலாவதித் தேதியையும் பாருங்கள்.

படிப்பு? விநியோகஸ்தர், செபியின் பயிற்சி நிறுவனமான என்ஐஎஸ்எம் நடத்தும் 5-ஏ தேர்வையும், ஆலோசகர் 10-ஏ, 10-பி என்ற இரண்டையும் எழுதியிருக்க வேண்டும். 5-ஏ தேர்வில் 100க்கு 50 எடுத்தால் பாஸ். ஆகவே உரிமம் இருப்பதாலேயே ஆளைப் புலி என்று நினைத்துவிட வேண்டாம்.

பலரும் தாண்டிப்போகும் வேலை ஒன்று உண்டு. செபி தளத்தில் 'என்ஃபோர்ஸ்மென்ட்' பகுதிக்குள் 'ஆர்டர்ஸ்' என்று இருக்கும். அவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் அங்கே தேடுங்கள். பழைய தடை, அபராதம் ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும்.

சரி, எல்லாம் பொருந்திவிட்டது. இனி பணம். முதலீட்டுத் தொகை நேராக ஃபண்டின் கணக்குக்குத்தான் போக வேண்டும். ஆலோசகருக்கான கட்டணத்தையும் வங்கி வழியாகவோ யூபிஐ வழியாகவோதான் கட்டலாம், ரொக்கமாக அல்ல. "இப்போதைக்கு என் நம்பருக்கே போட்டுவிடுங்க, நான் உங்க பேர்ல கட்டிடுறேன்" என்றால், பட்டியலில் பெயர் இருந்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.