ஸ்பானிய மொழியில் குற்றச் சொற்களைக் கற்கும் முறை

குற்றம், வழக்கு தொடர்பான ஸ்பானியச் சொற்களை அகரவரிசைப் பட்டியலாக மனப்பாடம் செய்வதைவிட, ஸ்பெயினின் 1995ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் குற்றங்களைப் பிரிக்கும் முறையிலேயே கற்பது எளிது.

முதலில் உச்சரிப்பு. இச்சொற்களில் வரும் தகர ஒலி, தமிழ்த் தகரத்தைப் போல நாக்கு பல்லில் பட்டுப் பிறப்பது. அதை டகரமாக்கக் கூடாது. ஸ்பானிய எழுத்தில் சொல்லின் தொடக்கத்தில் நிற்கும் 'ஹ' ஒலிப்பதில்லை.

குற்றத்துக்குப் பொதுச்சொல் 'தெலித்தோ'. 'க்ரீமென்' என்ற சொல்லும் உண்டு. ஆனால் அது அன்றாடப் பேச்சில் பெரும்பாலும் கொலை போன்ற கொடுங்குற்றத்தையே குறிப்பதால், பர்ஸ் பறிபோனதைச் சொல்ல அதைப் பயன்படுத்த வேண்டாம்.

திருட்டில் இரு சொற்களைப் பிரித்தறிய வேண்டும். உரிமையாளரின் சம்மதமின்றி, வன்முறையோ உடைப்போ இல்லாமல் ஒரு பொருளை எடுத்துக்கொள்வது 'உர்த்தோ'. பூட்டை உடைத்தோ, ஆளைத் தாக்கியோ, மிரட்டியோ எடுப்பது 'ரோபோ'. பார்சிலோனா மெட்ரோவில் 'கார்த்தெரிஸ்தா' எனப்படும் பிக்பாக்கெட்காரர் பர்ஸை நைசாக உருவினால் அது உர்த்தோ. கத்தியைக் காட்டிக் கேட்டால் ரோபோ. உர்த்தோவில் பொருளின் மதிப்பும் முக்கியம்: 400 யூரோவைத் தாண்டாவிட்டால் பொதுவாக அது 'தெலித்தோ லெவே', அதாவது சிறு குற்றம், தண்டனை 'மூல்தா' எனப்படும் அபராதம். பழைய பாடநூல்களில் சிறு குற்றத்துக்கு வரும் 'ஃபால்தா' என்ற வகை 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது.

ஆனால் சட்டம் இவ்வளவு பிரித்தாலும் பேச்சில் எல்லாவற்றுக்கும் 'ரோபார்' என்ற வினைதான். 'மே ஆன் ரோபாதோ லா கார்த்தேரா' என்றால் 'என் பர்ஸைத் திருடிட்டாங்க' என்று பொருள். யார் என்று சொல்லாமல் பன்மை வினையில் முடிக்கும் இந்த அமைப்பு நம் பேச்சுத் தமிழிலும் அப்படியே இருப்பதால், இதை இலக்கணமாகப் படிக்கவே தேவையில்லை.

கொலையிலும் இதே போன்ற பிரிவு உண்டு. 'ஒமிசிதியோ' எனப்படும் சாதாரணக் கொலைக்குச் சட்டம் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. எதிர்க்க வழியில்லாதபடி தாக்குவது, கூலிக்குக் கொல்வது, வேண்டுமென்றே வதைத்துக் கொல்வது போன்றவை சேர்ந்தால் அது 'அசெசினாத்தோ'. தண்டனை 15 முதல் 25 ஆண்டுகள்.

மற்றவற்றை வினை, குற்றம், ஆள் என மும்மூன்றாகச் சேர்த்துப் படிக்கலாம்: ஏமாற்றுவது 'எஸ்தாஃபார்', மோசடி 'எஸ்தாஃபா', மோசடிக்காரர் 'எஸ்தாஃபதோர்', கடத்துவது 'செகுவெஸ்த்ரார்', ஆள்கடத்தல் 'செகுவெஸ்த்ரோ', கடத்தியவர் 'செகுவெஸ்த்ரதோர்'.

'கொமிசரீயா' எனப்படும் காவல் நிலையத்தில் 'கியேரோ போனேர் ஊனா தெனுன்சியா' என்று சொன்னால் புகார் கொடுக்க வந்திருப்பது புரிந்துவிடும். தெனுன்சியா என்பது நடந்ததை அதிகாரிகளுக்குத் தெரிவிப்பது மட்டுமே; வழக்கில் தாமும் ஒரு தரப்பாக நிற்க விரும்புபவர் வழக்கறிஞர் மூலம் நீதிமன்றத்தில் தருவது 'கெரெய்யா'. மொழிபெயர்ப்பாளர் வேண்டுமானால் 'இன்தெர்ப்ரெத்தெ' என்று கேட்க வேண்டும். அரசு அமர்த்தித் தரும் வழக்கறிஞர் 'அபோகாதோ தெ ஒஃபீசியோ'.

செய்தி படிப்பவர்கள் ஆளைக் குறிக்கும் சொற்களின் படிநிலையைக் கவனிக்க வேண்டும். பிடிபட்டவர் 'தெத்தெனிதோ', விசாரணைக்கு உள்ளானவர் 'இன்வெஸ்திகாதோ', குற்றம் சாட்டப்பட்டவர் 'அகுசாதோ', தண்டிக்கப்பட்டவர் 'கொந்தெனாதோ'. விசாரணைக்கு உள்ளானவரைக் குறிக்க முன்பு இருந்த 'இம்புத்தாதோ' குற்றவாளி என்ற தோற்றத்தைத் தருவதாகக் கருதப்பட்டு, 2015இல் சட்டத்திலிருந்து மாற்றப்பட்டது.

நாடு மாறினால் சொல்லும் மாறும். அர்ஜென்டினா ஸ்பெயினைப் போலவே உர்த்தோ, ரோபோ இரண்டையும் பிரிக்கிறது. கொலம்பியச் சட்டத்தில் வன்முறைத் திருட்டும் 'உர்த்தோ காலிஃபிகாதோ' என்ற பெயரில் உர்த்தோவுக்குள்ளேயே அடங்கும். மெக்சிகோவின் கூட்டாட்சித் தண்டனைச் சட்டத்தில் வன்முறையற்ற திருட்டும் ரோபோதான். மோசடி அங்கே 'ஃப்ராவுதெ'. ஆகவே சட்ட அகராதி வாங்கும்போது, அது எந்த நாட்டுச் சட்டத்தை ஒட்டியது என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.