மாசி, பங்குனியில பூக்கடை தொறக்கிறவங்க பண்ற தப்புகள்

தை முடிஞ்சு மாசி பொறந்தா போதும், இலங்கை மலைநாட்டுல ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் எங்கயாவது புதுசா ஒரு பூக்கடை போர்ட் தொங்கும். காதலர் தினம், சிவராத்திரி, தேயிலைத் தோட்டத்துத் திருவிழா, பங்குனிக் கல்யாணம், ஏப்ரல் சுற்றுலா சீசன்னு வரிசையா வருதே, இப்ப தொடங்கினா அள்ளிரலாம்னு நெனப்பு. வைகாசி வர்றப்போ அந்தப் போர்ட்ல பாதி இருக்காது. நாங்க அந்தக் காலத்துல ஆடின அதே கூத்தை இவங்களும் ஆடுறதைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியல. தண்ணிய மாத்துங்க, தண்டைச் சரிவா வெட்டுங்கங்கிற கதையெல்லாம் இதுல இல்ல, அதுவே தெரியாம கடை தொறந்திருந்தா மொதல்ல எங்கயாவது ஒரு மாசம் வேலைக்கு நில்லுங்க.

டியூலிப் படத்தைப் போட்டு ஓடர் எடுக்கிறது

எனக்கு இன்னும் கோவம் வர்றது இதுக்குத்தான். பேஸ்புக்ல "ஸ்பிரிங் கலெக்‌ஷன்"னு ஒரு போஸ்ட், உள்ள பார்த்தா டியூலிப், பியோனி, டஃபோடில். எல்லாம் எவனோ ஐரோப்பாவுல எடுத்த படம். நம்ம ஊர் குளிருதானே, பூத்துரும்னு நெனைக்கிறாங்க போல. டியூலிப் கிழங்குக்கு பூ வரணும்னா பன்னிரண்டு வாரத்துக்கு மேல ஒம்பது டிகிரிக்குக் கீழயே விடாம குளிர் வேணும். நுவரெலியா 1868 மீட்டர் உசரத்துல இருந்தாலும் வருஷம் பூரா சராசரி 16 டிகிரி கிட்டத்தான், ஜனவரி பெப்ரவரியில சில விடியக்காலை புல்லு மேல வெள்ளையா பனி உறையும், பத்து மணி ஆனா வெயில் மண்டைய பொளக்கும். அந்தக் கிழங்குக்கு இது பத்தாது. பியோனியும் அதே கேஸ்தான்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு தங்கச்சி இப்படித்தான் ஒரு படத்தைப் போட்டா. பங்குனிக் கல்யாணம் ஒண்ணு வந்துச்சு, பொண்ணு வீட்டுக்காரங்க படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்"னாங்க, இவளும் செய்யலாம்னு சொல்லி அட்வான்ஸ் வாங்கிட்டா. கல்யாணம் கிட்ட வந்த பெறகுதான் எனக்குப் போன். "அக்கா, பியோனி எங்க எடுக்கலாம்?" எங்க எடுக்கிறது? பிளேன்ல வரணும், நோய், பூச்சி இல்லன்னு காட்டுற தாவரத் தடுப்புக்காப்பு பேப்பர் வேணும், வெலை டொலர்ல, அதுவும் நாலு தண்டுக்கு யாரும் கொண்டு வந்து தர மாட்டாங்க. கடைசியில வெளிர் ரோஸ் நெறத்துல ரோசாவை எடுத்து, வெளி இதழைக் கையால மடிச்சு விட்டு, நடுவுல கார்னேஷன் சொருகி ஒரு பூச்செண்டு கட்டிக் குடுத்தோம். சும்மா சொல்லக் கூடாது, அழகாத்தான் இருந்துச்சு. ஆனா பொண்ணோட அம்மா போனை எடுத்து அந்தப் படத்தைப் பெருசாக்கி பூச்செண்டுக்குப் பக்கத்துலயே வச்சுப் பார்த்தாங்க. ஒண்ணும் பேசல, மீதிக் காசும் வரல. அந்தக் குடும்பத்துல இருந்து அதுக்கப்புறம் ஒரு மாலை ஓடர் கூட வரலங்கிறதுதான் பெரிய நட்டம், ஏன்னா இங்க எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம்.

இதுல எரிச்சல் என்னன்னா, நம்மகிட்ட பூவே இல்லாத மாதிரி இவங்க நடந்துக்கிறது. கார்னேஷன், ஜெர்பெரா, கிளடியோலஸ், லில்லி, செவ்வந்தி, ஸ்டேட்டிஸ்னு வெலிமடை, பண்டாரவளை, நுவரெலியா பக்கத்துல கூடாரம் போட்டு வளர்க்கிறாங்க, கொழும்புக்காரன் இங்க வந்து வாங்கிட்டுப் போறான், நம்ம புள்ளைங்க ஹொலந்துப் படத்தைப் போடுதுங்க. சரக்கு வந்து எறங்கினதும் வாளியோட வச்சு காலை வெளிச்சத்துல ஒரு படம் எடுங்க, "இந்த வாரம் இருக்கிறது"ன்னு எழுதி வட்ஸ்அப் ஸ்டேட்டஸ்ல போடுங்க, அது போதும். கல்யாண ஓடர்னா பில்லுல பூப் பேரை எழுதாதீங்க. நெறம், அளவு, என்ன மாதிரி கட்டுறதுங்கிறதை எழுதி, "அந்த வாரம் கிடைக்கிற பூவுல"ன்னு ஒரு வரி சேர்த்து வாசிச்சுக் காட்டிட்டுக் கையெழுத்து வாங்குங்க. பனி விழுந்து வெளியில வச்ச ரோசா கருகிப் போனா அந்த ஒரு வரிதான் உங்களைக் காப்பாத்தும்.

அந்தூரியத்தை ராத்திரி கடையில விடுறது

கீழ்நாட்டுல இருந்து வர்ற பூ அது. பன்னிரண்டு டிகிரிக்குக் கீழ போனா ஓரம் ஊதாவாகி, பெறகு கருத்துரும். ஓர்கிட்டும் அப்படித்தான். ரோசாவுக்குக் குளிர் நல்லதுங்கிறதால எல்லாத்தையும் ஒரே பிரிட்ஜுல தள்ளுறாங்க. பெப்ரவரி ராத்திரியில நுவரெலியாக் கடைக்கு பிரிட்ஜே தேவையில்ல, கதவை மூடினாலும் உள்ள ஐஸ்தான். ரிஜிபோம் (தெர்மோகோல்) பெட்டியில பேப்பர் சுத்தி வச்சு வீட்டுக்குக் கொண்டு போயிருங்க.

விரிஞ்ச பூவை மலிவுன்னு வாங்குறது

ரோசா மொட்டா, வெளி இதழ் லேசா நெகிழ்ந்திருக்கணும். கிளடியோலஸ்ல அடி மொட்டு ரெண்டு மூணு நெறம் காட்டினா போதும், அதையும் நிமித்தித்தான் வைக்கணும், படுக்கப் போட்டா நுனி மேல பார்த்து வளைஞ்சுரும். ஜெர்பெரா மட்டும் இதுக்கு நேர்மாறு, விரிஞ்சதைத்தான் வாங்கணும், அதை மொட்டுல வெட்டினா விரியாது, கழுத்து தொங்கிரும். தண்ணியும் அதுக்கு வாளியில கொஞ்சமாத்தான் ஊத்தணும்.

கார்னேஷனுக்குப் பக்கத்துல வாழைப்பழம்

வேணாம். பழுக்கிற பழத்துல இருந்து வர்ற எத்திலீன் வாயு பட்டா இதழ் உள்ள சுருண்டு தூங்கிரும், திரும்ப எழும்பாது.

சீசன் கூட்டத்தை நம்பி சரக்கு எறக்குறது

ஏப்ரல்ல நுவரெலியா டவுன்ல கால் வைக்க எடம் இருக்காது, உண்மைதான். ஆனா அந்த ஆளுங்க விக்டோரியா பார்க்ல பூவோட நின்னு படம் எடுப்பாங்க, ஸ்ட்ரோபெரி வாங்குவாங்க, கெரட் லீக்ஸ் கட்டி வேன்ல ஏத்துவாங்க. ஆறேழு மணிநேரம் சூட்டுல கீழ எறங்கப் போறவன் எதுக்கு பூச்செண்டு வாங்கணும்? வாங்கினா சட்டியில வச்ச செடி வாங்குவான், அதைக் கொஞ்சம் வாசல்ல வைங்க. வெட்டுப் பூவுக்கு சல்லி தர்றது ஹோட்டல்காரங்கதான். சீசனுக்கு ரூம் நெறையும், ரிசெப்ஷன் மேசைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் பூ வேணும். மார்ச் நடுவுலயே போய்ப் பேசிருங்க, ஏப்ரல் ஒண்ணாந்தேதி போனா வேற யாரோ புடிச்சிருப்பாங்க.

காதலர் தினத்துக்கும் ஒரு கணக்கு இருக்கு. தோட்டத்துல பத்தாந்தேதி வாக்குல சம்பளம், பதினாலு காதலர் தினம். பெரிய பொக்கே கட்டி அடுக்காதீங்க, பஸ்ல ஒளிச்சுக் கொண்டு போற மாதிரி ஒத்தை ரோசாதான் ஓடும். சுத்தின தாளுக்கு மேல ரிப்பன், தொங்கல் எல்லாம் வீண், பையன் அதைக் கழட்டி பேக்குக்குள்ள போட்டுட்டுத்தான் போவான்.

மலர் வளையம் கட்ட மாட்டேங்கிறது

செத்த வீட்டு ஓடர் கடைக்கு ஆகாதுன்னு சொல்ற ஆளுங்க இருக்காங்க. கடை வாடகைய யார் கட்டுறாங்கன்னு நெனைச்சீங்க? ஒயாசிஸும் (பூ குத்துற பச்சை ஸ்பொஞ்சு) வெள்ளைச் செவ்வந்தியும் எப்பவும் கையில இருக்கணும். ஒயாசிஸைத் தண்ணிக்குள்ள அமுக்காதீங்க, மேல போட்டா தானா மூழ்கும். அமுக்கினா நடுவுல காஞ்சே இருக்கும், அந்த எடத்துல குத்தின பூ மறுநாள் வாடும்.

புதுவருஷத்துக்கு முந்தின நாள் சரக்குக்குப் போன் பண்றது

வெட்டுற ஆளுங்க ஊருக்குப் போயிருப்பாங்க, லொறியும் ஓடாது. சித்திரையில கல்யாண ஓடர் இருந்தா ஏப்ரல் 12க்குள்ள பூ கைக்கு வந்துரணும், அதுலயும் நாள் தாங்குற கார்னேஷன், ஸ்டேட்டிஸை நம்புங்க.

ஹோட்டன் சமவெளியில பறிக்கிறது

தேசிய பூங்கா. கேஸ் போடுவாங்க.

திருவிழா மாலைக்குக் கடன்

தராதீங்க. கரகம் எறங்கி, மஞ்சத் தண்ணி ஊத்தி முடிஞ்ச பெறகு கமிட்டியில போய்க் கேட்டா, மாலைக்குச் சொன்ன ஆள் பழைய பொருளாளரா இருப்பாரு.