ஹபிள் தொலைநோக்கியின் ஒரு நாள் பணியறிக்கையைப் படிப்பது எப்படி?

ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியின் அன்றாடப் பணியறிக்கையை முதன்முறையாகப் படிக்க முயல்பவருக்கு அது சுருக்கப்பெயர்களும் எண்களும் மண்டிய பட்டியலாகவே தோன்றும். எந்தக் கருவி, எந்த ஆய்வுத் திட்டத்திற்காக, எதைப் பார்த்தது என்ற விவரங்கள் முற்பகுதியில் நீளமாக இருக்கும். தொலைநோக்கி நலமாக இருக்கிறதா என்பதைச் சொல்லும் சில வரிகள் மட்டும் கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும். மேலிருந்து கீழாகப் படிப்பதுதான் வழக்கம் என்றாலும், இந்த அறிக்கையைக் கடைசி வரிகளிலிருந்து தொடங்கிப் படிப்பதே நல்லது. முற்பகுதியில் இருப்பது திட்டமிடப்பட்ட நோக்கல்களின் பட்டியல் மட்டுமே. அவை உருப்படியாக நடந்தனவா என்பதைக் கடைசி வரிகளே சொல்கின்றன.

படிக்கத் தொடங்குமுன் சில அடிப்படைகளை மனத்தில் கொள்ள வேண்டும். 1990 ஏப்ரல் 24 அன்று டிஸ்கவரி விண்ணோடத்தில் ஏவப்பட்ட ஹபிள், நிலநடுக்கோட்டுக்கு 28.5 பாகை சாய்ந்த பாதையில் ஏறத்தாழ 95 நிமிடங்களுக்கு ஒரு முறை பூமியைச் சுற்றுகிறது. ஆகவே அதன் ஒரு நாள் என்பது சுமார் 15 சுற்றுகள். (இந்தச் சாய்வின் காரணமாகவே தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் இருப்பவர்கள் சில நாள்களில் அந்தியிலோ விடியலிலோ அது வானைக் கடந்து செல்வதை வெறுங்கண்ணால் காண முடிகிறது.) நோக்கல்களின் கால அட்டவணையை பால்டிமோரிலுள்ள விண்வெளித் தொலைநோக்கி அறிவியல் நிறுவனம் வகுக்கிறது, கட்டளைகளை அனுப்பித் தொலைநோக்கியை இயக்குவது மேரிலாந்தின் கிரீன்பெல்ட்டிலுள்ள நாசாவின் கோடார்ட் மையம். அறிக்கையில் வரும் நேரங்கள் யாவும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரத்திற்கு மாற்ற ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். தேதிக்குப் பதிலாக ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண் வருவதும் வழக்கமாதலால், அருகில் ஒரு நாள்காட்டியை வைத்துக்கொண்டு படிப்பது எளிது.

முதலில் மூன்று எண்களைப் பாருங்கள்

அறிக்கையின் இறுதியில் மூன்று வரிகளுக்கு எதிரே இரண்டிரண்டு எண்கள் இருக்கும்: திட்டமிட்டவை எத்தனை, வெற்றி பெற்றவை எத்தனை. மூன்று வரிகளும் தொலைநோக்கி தன் இலக்கை நோக்கித் திரும்பி நிலைகொள்ளும் செயலின் மூன்று படிகளைக் குறிக்கின்றன. இவற்றைப் புரிந்துகொண்டால் அறிக்கையில் பாதி புரிந்த மாதிரிதான்.

ஹபிளில் உந்துபொறிகள் கிடையாது. உள்ளே நான்கு கனமான சக்கரங்கள் சுழல்கின்றன; அவற்றின் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோதான் தொலைநோக்கி திரும்புகிறது. கடிகாரத்தின் நிமிட முள் நகரும் அதே வேகத்தில், 90 பாகை திரும்புவதற்கு அது சுமார் 15 நிமிடங்கள் எடுத்துக்கொள்ளும். அத்தனை தூரம் திரும்பிய பின் எங்கே வந்து நிற்கிறோம் என்பதில் சிறு பிழை இருக்கவே செய்யும். அந்தப் பிழையை விண்மீன் தடங்காணிகளின் உதவியால் தானே கணக்கிட்டுத் திருத்திக்கொள்ளும் செயலை அறிக்கை 'ஓபாட்' என்று குறிக்கிறது. அதன் பிறகு நுண்வழிகாட்டு உணரிகள், முன்கூட்டியே தேர்ந்தெடுக்கப்பட்ட வழிகாட்டி விண்மீன்களைச் சுருள் பாதையில் தேடிப் பிடித்துப் பூட்டிக்கொள்கின்றன, 'ஜி.எஸ். அக்' என்பது இதுதான். இலக்கு பூமிக்குப் பின்னால் மறைந்து, அடுத்த சுற்றில் மீண்டும் வெளிப்படும்போது அதே விண்மீன்களை மறுபடி பிடிப்பதற்கு 'ரீஅக்' என்று பெயர். இப்படிப் பூட்டிக்கொண்ட தொலைநோக்கி 0.007 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையின் 3600-இல் ஒரு பங்கு) அளவுக்குத் துல்லியமாக நிலைத்து நிற்கிறது.

இரண்டு எண்களும் ஒத்திருந்தால் அந்த நாளில் நோக்குநிலையைப் பொறுத்தவரை கவலைக்கு இடமில்லை. ஒன்று குறைந்திருந்தால், எந்தச் சுற்றில், எந்த நேரத்தில் பிடி தவறியது என்பதை அறிக்கையின் 'ஹெச்ஸ்டார்' பகுதியில் தேட வேண்டும். வழக்கத்துக்கு மாறான நிகழ்வுகளைப் பொறியாளர்கள் முதற்கட்டமாகப் பதியும் இடம் அது. வழிகாட்டியாகத் தேர்ந்த விண்மீன் உண்மையில் இரட்டை விண்மீனாக இருந்துவிடுவது பிடி தவறுவதற்கான காரணங்களுள் ஒன்று. தொலைநோக்கி திரும்பும் வேகத்தை அளக்கும் சுழல்மானியின் பிறழ்ச்சி மற்றொன்று. பிடி தவறிய நேரத்தில் கருவியின் மூடி திறக்கப்படாமலே பதிவு நடந்து வெற்றுப் படம் கிடைக்கலாம். அல்லது தொலைநோக்கி சுழல்மானியை மட்டும் நம்பி மெல்ல நகர்ந்துகொண்டே இருந்ததால் விண்மீன்கள் கோடுகளாக இழுபட்டிருக்கலாம். 'முதற்கட்டம்' என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது: ஹெச்ஸ்டார் பதிவு ஒன்றைக் கண்டவுடன் கருவி பழுதாகிவிட்டது என்று முடிவுகட்டுவது அவசரம். அவற்றில் பல, ஆராய்ந்தபின் சாதாரணமானவை என்று மூடப்படுகின்றன.

பழைய அறிக்கையையும் அண்மைக்கால அட்டவணையையும் ஒப்பிடுபவர்கள் ஒரு மாற்றத்தைக் கணக்கில் கொள்ள வேண்டும். 2009 மே மாதத்தில் நடந்த கடைசிப் பழுதுபார்ப்புப் பயணத்தில் ஆறு சுழல்மானிகளும் புதிதாகப் பொருத்தப்பட்டன. வழக்கமான இயக்கத்துக்கு மூன்று தேவை. ஆண்டுகள் செல்லச் செல்ல அவை ஒவ்வொன்றாகச் செயலிழந்து, 2024 ஜூன் முதல் ஹபிள் ஒரே ஒரு சுழல்மானியைக் கொண்டு இயங்குகிறது. வேலை செய்யும் நிலையிலுள்ள இன்னொன்று இருப்பில் வைக்கப்பட்டுள்ளது. இலக்கைப் பிடிக்க இப்போது கூடுதல் நேரம் ஆகிறது, வானில் ஒரே நேரத்தில் எட்டக்கூடிய பரப்பும் சுருங்கிவிட்டது. செவ்வாயின் பாதையைவிட நமக்கு அருகில் நகரும் பொருள்களைப் பின்தொடரவும் இயலாது. ஆகவே இன்றைய ஒரு வாரத்தில் நோக்கல்கள் குறைவாகத் தெரிந்தால் அதைக் கருவிகளின் தளர்ச்சி என்று எண்ண வேண்டியதில்லை.

பிறகு கருவிகளின் பட்டியலுக்கு வாருங்கள்

ஒவ்வொரு பதிவும் கருவியின் பெயரில் தொடங்கி, திட்ட எண், தலைப்பு, சுருக்கம் என்று செல்லும். படங்களுக்கு 'அகலப்புலக் கேமரா மூன்று' என்னும் கேமராவும் ஏ.சி.எஸ். கேமராவும், ஒளியை நிறம்நிறமாகப் பிரித்துப் பதியும் அலைமாலைகளுக்கு காஸ், ஸ்டிஸ் என்னும் கருவிகளும் இன்று பணியில் உள்ளன. பழைய அறிக்கைகளில் நிக்மோஸ் என்ற அகச்சிவப்புக் கருவியின் பெயரும் தட்டுப்படும்; 2008-க்குப் பிறகு அது இயங்கவில்லை.

பட்டியலைப் படிக்கையில் தலைப்புகளில் 'மானிட்டர்', 'டார்க்', 'பயஸ்', 'அனீல்' ஆகிய சொற்கள் வரும் பதிவுகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். விண்மீன் மண்டலங்களையோ கோள்களையோ பற்றிய ஆய்வுகள் அல்ல இவை. கருவிகள் தங்களைத் தாங்களே அளந்துகொள்ளும் பராமரிப்புப் பணிகள். புதிதாகப் படிப்பவர்கள் தாண்டிச் செல்வதும் இவற்றைத்தான். ஆனால் ஹபிள் தரும் எந்த அளவீட்டையும் நம்பலாமா என்பதை முடிவுசெய்வது இந்தப் பதிவுகளே. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வானமே தேவையில்லை. மூடி சாத்தியபடி நீண்ட நேரம் பதியும் இருள் பதிவு, பதிவு நேரமே இல்லாமல் மின்னணுச் சுற்றின் அடிநிலையை மட்டும் வாசிக்கும் பயஸ் பதிவு, உள்விளக்கின் ஒளியில் எடுக்கும் சீரொளிப் பதிவு ஆகியவற்றை, பூமி இலக்கை மறைத்திருக்கும் நேரத்திலும் எடுத்துவிடலாம். அட்டவணை வகுப்பவர்கள் அந்த இடைவெளிகளை வீணாக்குவதே இல்லை.

அனீல் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏ.சி.எஸ். கேமராவின் சிசிடி உணரி (ஒளியை மின்னூட்டமாக மாற்றிப் பதியும் சிலிக்கான் சில்லு) -81 பாகை செல்சியஸிலும், அகலப்புலக் கேமரா மூன்றின் புறஊதா-கட்புல உணரி -83 பாகையிலும் வைக்கப்பட்டுள்ளன. விண்வெளியில் ஓயாமல் வந்து மோதும் மின்னூட்டத் துகள்கள் சிலிக்கானின் படிக அமைப்பில் சிறுசிறு சேதங்களை ஏற்படுத்துவதால், ஒளியே படாதபோதும் மின்னோட்டத்தைக் கசியவிடும் 'சூடான பிக்சல்கள்' நாளுக்கு நாள் பெருகுகின்றன. இதற்கு மருந்தாக மாதத்திற்கு ஒரு முறை குளிரூட்டிகளை நிறுத்தி, உணரியைச் சுமார் 20 பாகைக்குச் சூடாக விட்டு, மீண்டும் குளிரவைக்கிறார்கள். புதிதாகத் தோன்றிய சூடான பிக்சல்களில் பெரும்பகுதி இதனால் சரியாகிவிடும், எஞ்சியவை நிலைத்துவிடும். ஒரு படத்தைத் திருத்துவதற்கு அந்தப் படம் எடுத்த அனீல் சுழற்சிக்குரிய இருள் பதிவையே பயன்படுத்த வேண்டும் என்று வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான்.

துகள் தாக்குதலின் மற்றொரு விளைவுக்கு மருந்தே இல்லை. சிசிடியில் சேர்ந்த மின்னூட்டம் வரிசை வரிசையாக நகர்த்தப்பட்டு ஓர் ஓரத்தில் வாசிக்கப்படுகிறது. வழியில் உள்ள சேதங்கள் அதில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்துத் தாமதமாக விடுவிக்கின்றன. அதனால் மங்கலான விண்மீன்கள் மேலும் மங்குகின்றன, அவற்றுக்கு வால் முளைக்கிறது. இந்த இழப்பை அளப்பதற்கு 47 டுக்கானே போன்ற, விண்மீன்கள் அடர்ந்த கொத்துகளைத் திரும்பத் திரும்பப் படமெடுக்கிறார்கள். பதிவின் முடிவில் உள்விளக்கால் மெல்லிய ஒளியைப் பாய்ச்சி மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் அந்தச் சேதங்களை வாசிப்புக்கு முன்பே நிரப்பிவிடும் உத்தியும் கையாளப்படுகிறது. பட்டியலில் ஒரே கொத்தின் பெயர் ஆண்டுதோறும் வந்தால் அதில் புதிதாக ஏதோ கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது என்று எண்ண வேண்டாம். ஜிடி 153, ஜிடி 71, ஜி191-பி2பி என்னும் வெண்குறு விண்மீன்களின் பெயர்களுக்கும் இதே விளக்கம் பொருந்தும். ஒளியளவைச் சரிபார்க்க ஹபிள் நம்பும் உரைகற்கள் அவை.

காஸ் கருவியின் புறஊதா உணரி வேறு வகையில் தேய்கிறது. ஒளி தொடர்ந்து விழும் இடத்தில் அதன் உணர்திறன் குறைந்துகொண்டே வருவதால், சில ஆண்டுகளுக்கு ஒரு முறை அலைமாலை விழும் இடத்தையே சற்று நகர்த்திவிடுகிறார்கள். முதல் நகர்வு 2012 ஜூலையிலும் அடுத்தது 2015 பிப்ரவரியிலும் நடந்தன. அதற்குப் பின்னும் நகர்வுகள் உண்டு. காஸ் பதிவுகளை ஒப்பிடுபவர் அவை எந்த 'ஆயுள் இருப்பிடத்தில்' எடுக்கப்பட்டவை என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அட்டவணையில் ஒரு நாளில் பல முறை வரும் வெற்றிடங்களைக் கண்டு மலைக்க வேண்டாம். தென் அட்லாண்டிக் கடலுக்கும் பிரேசிலுக்கும் மேலே பூமியின் காந்தப்புலம் நலிந்திருப்பதால் அங்கே துகள்கள் தாழ இறங்குகின்றன. அந்தப் பகுதியைக் கடக்கும் சுற்றுகளில் நோக்கல் நிறுத்தப்படும், சில உணரிகளின் உயர் மின்னழுத்தமும் குறைக்கப்படும்.

அறிக்கையே இல்லாத நாள்கள்

சில வேளைகளில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் பட்டியலிலிருந்து மறைந்துவிடும். தொலைநோக்கி 'சேஃப் மோடு' என்னும் பாதுகாப்பு நிலைக்குச் சென்றிருக்கிறதா, அல்லது அறிவியல் கருவிகள் மட்டும் அந்நிலைக்குச் சென்றிருக்கின்றனவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். 2021 ஜூன் 13 அன்று நின்றுபோனது கருவிகளைக் கட்டுப்படுத்தும் கணினி. தொலைநோக்கியை இயக்கும் முதன்மைக் கணினி அல்ல. மின்வழங்கல் கட்டுப்பாட்டு அலகே காரணமாக இருக்கலாம் என்று பொறியாளர்கள் முடிவுக்கு வந்து, மாற்று வன்பொருளுக்கு மாறி, ஜூலை 17 அன்று நோக்கல்களை மீண்டும் தொடங்கினர். அதற்கு மாறாக 2024 மே மாதத்தில் ஒரு சுழல்மானி தவறான அளவுகளைத் தந்தபோது தொலைநோக்கியே பாதுகாப்பு நிலைக்குச் சென்றது. இத்தகைய இடைவெளிக்குப் பின் வரும் முதல் சில நாள்களின் தரவுகளைக் கூடுதல் கவனத்தோடு அணுகுவது நல்லது.

தரவோடு ஒப்பிட்டுப் பாருங்கள்

அறிக்கையைப் படித்த கையோடு, அந்த நாளின் கோப்புகளை மாஸ்ட் என்னும் பொது ஆவணக் காப்பகத்திலிருந்து இறக்கிப் பார்க்கலாம். ஆய்வுத் திட்டங்களின் தரவு பெரும்பாலும் ஆறு மாதங்களுக்கு அதைக் கேட்டவர்களுக்கே உரியது. பராமரிப்புப் பதிவுகளோ உடனே எல்லோருக்கும் கிடைக்கும். கோப்பின் பெயரில் முதல் எழுத்து கருவியைக் குறிக்கும்: 'ஜே' என்றால் ஏ.சி.எஸ்., 'ஐ' என்றால் அகலப்புலக் கேமரா மூன்று, 'எல்' என்றால் காஸ், 'ஓ' என்றால் ஸ்டிஸ். கோப்பின் தலைப்புப் பகுதியைத் திறந்து 'எஃப்ஜிஎஸ்லாக்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'ஃபைன்' என்று இருந்தால் வழிகாட்டி விண்மீன்கள் நன்றாகப் பிடிபட்டிருந்தன. 'கைரோஸ்' என்று இருந்தால் சுழல்மானியை மட்டும் நம்பி எடுத்த பதிவு. 'எக்ஸ்ப்ஃபிளாக்' என்ற வரியில் 'நார்மல்' தவிர வேறு எது இருந்தாலும் ஹெச்ஸ்டார் பகுதிக்குத் திரும்பி அந்த நேரத்தில் என்ன நடந்தது என்று தேட வேண்டும்.

பயிற்சிக்கு ஏதேனும் ஓர் ஏ.சி.எஸ். அனீல் நாளைத் தேர்ந்துகொண்டு, அதற்கு முந்தைய இருள் பதிவு ஒன்றையும் பிந்தையது ஒன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். பதிவு நேரம் சமமாக உள்ளவற்றையே எடுக்க வேண்டும். இரண்டையும் ஒரே ஒளி அளவுகோலில் அருகருகே வைத்துப் பார்த்தால், முதல் படத்தில் பளிச்சிட்ட புள்ளிகளில் பல இரண்டாவதில் இருக்காது. ஆனால் ஒரு படத்தில் மட்டும் தெரியும் புள்ளி காஸ்மிக் கதிரின் தடமாகவும் இருக்கலாம் என்பதால், இரு பக்கமும் குறைந்தது மூன்று பதிவுகளை எடுத்து இடைநிலை மதிப்பைக் கணக்கிட்ட பிறகே எண்ணத் தொடங்குங்கள்.